தாயி போயிட்டா

தூளியை இன்னும் ஆட்டவேண்டியதில்லை. பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டது. கயிற்றை விட்டுவிட்டு எழுந்து முகத்தைக் கழுவி நல்ல சேலையாக ஒன்றைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஆனால் மாரீஸ்வரி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து இழுத்துக்கொண்டேயிருந்தாள். இழுத்தால் விட்டத்துக் கொக்கி கிறீச் என்றது, விட்டால் இன்னொரு கிறீச், அதற்கு எண்ணெய் விடச்சொல்லி அவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், இப்போது அந்தக் கிறீச்சே துணையாக இருந்தது. நிறுத்தினால் வீட்டில் சத்தமில்லாமல் போகும், சத்தமில்லாமல் போனால் மனசு பேச ஆரம்பித்துவிடும். முழங்காலிட்டு எழுந்து தூளியை விரித்துப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, தூக்கத்திலும் பால் குடிக்கிற மாதிரி கீழுதடு அசைந்தது. நெற்றியில் இரண்டு தழும்பு, மூக்கு நுனியில் ஒன்று, பொருக்கு உதிர்ந்த இடம் இளஞ்சிவப்பாக. மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்தாள். வந்தது, வெதுவெதுவென்று. வராமல் எங்கே போகும், கிறுக்கி. ஆனாலும் கொஞ்ச நாளாக இதுதான் வேலை, அடுப்பில் பால் பொங்கினாலும் ஓடி வந்து விரலை வைக்க வேண்டியது. இந்தப் பிள்ளை செத்துப்போய்விட்டது என்று நம்பி மெட்ராசிலிருந்து ஒரு அம்மாள் ரயிலேறி வந்துகொண்டிருக்கிறாள். துக்கம் கேட்பதற்கு. இன்றைக்கு, இந்த மத்தியானம், இந்த வீட்டுக்கு. பிள்ளையோ தூளிக்குள் குறட்டை விடுகிறது.

வத்சலா அக்கா. நேரில் பார்த்ததில்லை, குரலும் கேட்டதில்லை. எழுத்துதான். எழுத்தில் பழக்கமான மனுஷி. எழுத்தும் தானும் சேர்ந்து நடக்கும் என்று மாரீஸ்வரி என்றைக்காவது நினைத்தாளா, ஏழாவதோடு நின்றவள், கடையில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வருகிறவள், சொந்த மாமியார் வீட்டு விசேஷத்தில் பந்திக்குக் கூப்பிட்டும் தூணுக்குப் பின்னால் நின்றவள். எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரால் வந்தது. அதோ மூலையில், பழைய சேலை போர்த்தி, முக்காடு போட்ட விதவை மாதிரி, சே, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. அவள் புருஷன் காளிராஜ், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சோறு கொண்டுபோனால், "நீ செத்த உக்காரு, நான் சாப்ட்டுக்கிறேன்" என்று நாற்காலியில் உட்காரவைப்பார். அப்படி உட்கார்ந்தபோதுதான் யாரோ திறந்துவிட்டு மூடாமல் போன பக்கம் ஒன்றைப் பார்த்தாள். தமிழில் இருந்தது. எவளோ ஒரு பொம்பளை, தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி எழுதியிருந்தாள், அதைப் படித்துவிட்டு எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் எங்கள் வீட்டிலும் வரவில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். இதையெல்லாமா எழுதலாம்? சென்டர் நொடித்து, அவர் சிவகாசி அச்சாபீசுக்கு வேலைக்குப் போனபோது ஒரே ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அவரையே கெஞ்சி வலைப்பூ ஒன்று திறந்து வாங்கினாள். "எழுது, ஆனா பிள்ளை பேரை மட்டும் போட்றாத, கண்டவனும் பாப்பான்" என்றார் அவர். பேரைப் போடவில்லை. தாயி என்றே எழுதினாள். ஊரில் எந்தப் பெண்பிள்ளையையும் அப்படித்தானே கூப்பிடுகிறோம், வா தாயி, அழாத தாயி என்று. தாயி இன்றைக்குக் குப்புற விழுந்தாள், தாயி செருப்பைக் கடித்தாள். பேரைப் போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ. தர்ஷினி என்று எழுதியிருந்தால் இன்றைக்கு எந்த ரயிலும் வராது.

முதன்முதலில் சோளப்பணியாரம் பற்றி எழுதினாள். போட்ட கையோடு ஒரு பின்னூட்டம் வந்தது. 'வடை எனக்கே!' எழுதியவர் பேர் ஊர்சுத்தி உமாபதி. அவளுக்கு வெலவெலத்துப் போயிற்று, தப்பாக ஏதும் எழுதிவிட்டோமோ என்று பதிவை மேலும் கீழும் படித்தாள், ஒரு இடத்திலும் வடை இல்லை. ரொம்ப யோசித்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, 'மன்னிக்கணும் அண்ணா, இது பணியாரம்ங்க' என்று பதில் போட்டாள். அவ்வளவுதான், ஒரு கூட்டமே வந்து சிரித்தது. முதல் ஆளாக வந்து பின்னூட்டம் போடுகிறவருக்கு வடை, அது அங்கே ஒரு விளையாட்டு, பந்தியில் முதல் இலை பிடிக்கிற மாதிரி. யாரும் சொல்லித்தரவில்லை, வெட்கப்பட்டுத்தான் கற்றுக்கொண்டாள். அப்புறம் இன்னொன்றும் தெரிந்தது. நாம் போய் அவர்கள் பக்கத்தில் நாலு வார்த்தை எழுதினால்தான் அவர்கள் நம் பக்கத்துக்கு வருவார்கள். மொய்தான். எல்லாம் மொய்தான். நீ என் வீட்டுக்கு வந்தாயா, நான் உன் வீட்டுக்கு வருகிறேன். 'அருமை', 'பகிர்வுக்கு நன்றி', படித்தார்களோ இல்லையோ வந்து வைத்துவிட்டுப் போவார்கள். அவளும் வைத்தாள், பாதி புரியாத கவிதைக்கெல்லாம் நல்லா இருக்குங்க என்று வைத்தாள். அதில் வத்சலா அக்கா மட்டும் வேறு. அவள் படித்துவிட்டுத்தான் எழுதுவாள். 'தாயி எந்தக் காலால் உதைத்தாள், இடதா வலதா?' என்று கேட்பாள். யார் கேட்பார்கள் அதை.

கிறீச். நேரமாகிறது. ரயில் இந்நேரம் மதுரை தாண்டியிருக்கும். கயிறு உள்ளங்கையில் அறுத்தது. அன்றைக்கும் இப்படித்தான் கை அறுத்தது, பத்து நாள், பிள்ளைக்கு மேலெல்லாம் முத்து. மாசி வெயிலில் தாயி வந்துவிட்டாள். அம்மை என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள் இந்தப் பக்கம், தாயி வந்திருக்கா, தாயி விளையாடுறா, கோவிச்சுக்காத தாயி என்றுதான் சொல்வது. வாசலில் வேப்பிலை செருகியாயிற்று, அடுப்பில் தாளிப்பு இல்லை, ஒருத்தரும் வீட்டுக்கு வரமாட்டார்கள், பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்கா மட்டும் வாசலுக்கு வெளியே நின்று இளநீரை வைத்துவிட்டுப் போவாள். பிள்ளை வாய்க்குள்ளும் முத்து, பாலுக்கு வாய் வைக்கும், வீரிடும், வைக்கும், வீரிடும். மார் கல்லாய்க் கட்டிக்கொண்டது. பயமாயிருக்குங்க என்று அவரிடம் சொன்னால், "எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதான, சும்மா இரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அவருக்கும் பயம்தான். ஆனால் இரண்டு பயமும் தனித்தனியாக அல்லவா கிடந்தது. அப்புறம் ஒருவழியாக இறங்கியது. முதல் தண்ணி ஊற்றி, இரண்டாம் தண்ணி ஊற்றி, மூன்றாம் தண்ணியும் ஊற்றின அன்றைக்குப் பிள்ளை மடியை விட்டு இறங்கித் தவழ்ந்து போயிற்று, செண்பகம் அக்கா வீட்டுப் பூனையைத் தேடிக்கொண்டு. மடி சட்டென்று லேசாயிற்று. அழுகையாக வந்தது. சந்தோஷத்துக்குத்தான். அந்தச் சூட்டிலேயே போய் எழுதினாள். 'தாயி போயிட்டா. வேப்பிலை போட்டு, மஞ்சத்தண்ணி ஊத்தி, கும்புட்டு அனுப்பி வச்சிட்டோம். வீடே குளுந்து கெடக்கு. பத்து நாளா மடியில கெடந்த உசுரு எறங்கிப் போயிருச்சு. மடி வெறிச்சுன்னு இருக்கு. கைக்கு என்ன செய்யன்னு தெரியல.' அவ்வளவுதான் எழுதினாள். அதில் ஒரு எழுத்துப் பொய்யா? சாத்தூரில் யாரிடம் காட்டினாலும், அப்பாடா, ஆத்தா குளிர்ந்துட்டா என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் காலையில் திறந்தபோது முதலில் வடை எனக்கே என்று இருந்தது. அதற்குக் கீழே அதே உமாபதி, 'ஐயோ மன்னிச்சிடுங்க சகோதரி, படிக்காமப் போட்டுட்டேன், செருப்பால அடிங்க.' எதற்கு இவரைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னும் கீழே போனாள். ஆழ்ந்த இரங்கல். குட்டித் தாயியின் ஆன்மா சாந்தியடையட்டும். வார்த்தையே இல்லை மாரி. இப்படிப் போய்க்கொண்டேயிருந்தது, தெரியாத பேர்கள், துபாய், லண்டன், எங்கேயோ பனி பெய்கிற ஊர். பிள்ளை அப்போது அவள் முதுகைப் பிடித்து எழுந்து நின்று முடியை இழுத்துக்கொண்டிருந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, நெசமாகவே சிரித்தாள், அப்புறம் உள்ளங்கால் குளிர்ந்தது. 'ஐயோ இல்லைங்க' என்று தட்டினாள். தட்டி முடித்து அனுப்புவதற்குள் வத்சலா அக்காவின் பின்னூட்டம் வந்து விழுந்தது. நீளமாக. எனக்கும் ஒரு பையன் இருந்தான் மாரி. நந்து. தவழ்கிற வயசு. ஒருநாள் காலையில் எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அவன் பேரைச் சொல்வதில்லை, சொன்னால் நான் உடைந்துவிடுவேன் என்று அவர்களும், அவர்கள் உடைந்துவிடுவார்கள் என்று நானும். இத்தனை வருஷம் கழித்து இன்றைக்குத்தான் அவன் பேரை எழுதுகிறேன், உன் வீட்டில். மடி வெறிச்சுன்னு இருக்கு என்று எழுதினாயே, எனக்கு அதைச் சொல்லத் தெரியாமல் இருந்தது.

தட்டியதை அழித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. இதற்கு மேல் போய், என் பிள்ளை நல்லாத்தான் இருக்கு, முடியைப் பிடிச்சு இழுக்குது என்று எப்படி எழுதுவது? அந்த அக்காவுக்காகத்தான் சொல்லவில்லை. அப்படித்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டாள், நேற்று வரையிலும்கூட. ஆனால் கயிறு இழுக்க இழுக்க அடியில் கிடந்தது மேலே வருகிறது. அக்காவுக்காக மட்டுமா? மத்தியானம் சோறு வடிக்கிற நேரத்தில்கூட ஓடிப்போய்ப் பார்த்தாயே, இன்னும் யார் வந்திருக்கிறார்கள் என்று. சாப்பிட்டாயா மாரி என்று லண்டன்காரி கேட்டிருந்தாளே, அதை எத்தனை தடவை படித்தாய்? பத்து நாள் பயந்தது நெசந்தானே, அதற்கு யாரும் வரவில்லையே, அந்தப் பயத்துக்கு வரவேண்டிய ஆறுதல்தான் இப்போது வருகிறது, வழி தப்பி வருகிறது, வாங்கிக்கொண்டால் என்ன என்று உனக்கு நீயே சொன்னாயே. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பிள்ளை செத்ததற்கு வந்த ஆறுதலைத் தின்றாயே. தின்றாள். தித்திப்பாக இருந்தது. நன்றி அக்கா, நன்றி அண்ணா என்று ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டாள், அது மொய்யில்லையா. ஒருத்தர் தன் பக்கத்திலேயே ஒரு கறுப்பு ரிப்பன் படம் போட்டுக் கீழே தாயி என்று எழுதியிருந்தார். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் விரல் வைத்துப் பார்க்கிற வியாதி ஆரம்பித்தது. மேலே எந்நேரமும் அஸ்து தேவதை ஒன்று போய்க்கொண்டே இருக்குமாம், நாம் என்ன சொன்னாலும் அப்படியே ஆகட்டும் என்று அது சொல்லிவிட்டுப் போகுமாம். ஒருத்தர் வாயென்றால் தப்பலாம், இத்தனை பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால்? உப்பும் வத்தலும் சுற்றிப் போட்டாள், ஊர்க்கண்ணு உறவுக்கண்ணு என்று சொல்லும்போதே நாக்கு தடுமாறியது. யார் கண் பட்டது? தாய்க் கண்தான். எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று கை வைத்தாள், பதிவை அழித்தால் கீழே இருக்கிற நந்துவும் போய்விடுவான். அந்தப் பேர் உலகத்தில் அங்கே மட்டும்தான் எழுதியிருக்கிறது. இன்னொரு தரமும் அவனைக் கொல்வதா. கை எடுத்தாள். அப்படியே கிடந்தது. கிடந்தபோதுதான் வத்சலா அக்கா எழுதினாள், நாகர்கோவில் போகிறேன், வழியில் சாத்தூரில் இறங்கி உன்னைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் போகிறேன், எதுவும் செய்துவைக்காதே, சும்மா உன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும், தெருப் பேர் சொல். சொன்னாள். யாராவது கேட்பார்களா, உன் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று.

"ஏ மாரி, எங்கடி எந்தங்கம்? தூக்கிட்டுப் போகவா?"

செண்பகம் அக்கா வாசலில் நின்றாள், கையில் முறம். மாரீஸ்வரிக்குக் கயிறு நழுவியது. காலையில் அவள்தான் கேட்டிருந்தாள், மத்தியானம் ஒரு மணி நேரம் பிள்ளையை வச்சுக்கிறீகளாக்கா என்று. கேட்டபோது அது என்ன கேள்வி என்று அவளுக்கே தெரிந்துதான் இருந்தது.

"தூங்குறாக்கா."

"தூங்குனா என்ன, தூளியோட கழட்டிக் கொடு. எங்க வீட்லயும் கொக்கி இருக்கு. யாரு வர்றா, கலெக்டரா? வீட்டக் கூட்டித் தொடச்சு வச்சிருக்க?"

"மெட்ராசுல இருந்து ஒருத்தவுக. கம்ப்யூட்டர்ல பழக்கம்."

"கம்ப்யூட்டர்ல பழக்கமா?" முறம் இடுப்புக்குப் போயிற்று. "ஆம்பளையா பொம்பளையாடி?"

"ஐயோ, அக்காதான். உங்களுக்கும் மூத்தவுக."

"அப்ப பிள்ளைய எதுக்குக் கடத்தச் சொல்ற? வர்றவ பிள்ளையத்தான பாக்க வருவா, ஒன் மூஞ்சியவா பாக்க வர்றா?" என்று சிரித்தவள், இவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்னடி திருதிருன்னு முழிக்கிற? மடியில கனமா?"

மாரீஸ்வரி எழுந்தாள். தூளிக்குப் பக்கத்தில் போனாள். இரண்டு முடிச்சு, கொக்கியிலிருந்து கழற்றினால் அப்படியே மூட்டையாக வந்துவிடும், தூக்கம்கூடக் கலையாது. கழற்றினால் விட்டத்தில் வெறும் கொக்கி தொங்கும். வத்சலா அக்கா வந்து உட்கார்ந்து அந்த வெறும் கொக்கியைப் பார்ப்பாள். பார்த்து அழுவாள். இவளும் அழ வேண்டும், அழ முடியும், அதுதான் பயமாயிருந்தது, நன்றாகவே அழமுடியும். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை எழுந்து அழுதால் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று சொல்ல வேண்டும். தன் வாயால். கை முடிச்சில் இருந்தது. வெறும் கொக்கி. அதைத்தானே அந்தப் பத்து நாளும் கண்ணை மூடினால் பார்த்தாள்.

"வேணாம்க்கா. இங்கயே கெடக்கட்டும்."

"கிறுக்கு முத்திப்போச்சு" என்று சொல்லிக்கொண்டே செண்பகம் அக்கா போய்விட்டாள்.

மறுபடியும் உட்கார்ந்தாள். கயிற்றைத் தொடவில்லை. சொல்லிவிடலாம், வந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடலாம், என்ன வார்த்தை? எழுதித்தான் பழக்கம், வாய்க்கு என்றைக்கு வார்த்தை வந்தது. இழவு வீட்டுக்கு வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடமாட்டார்கள், வருகிறவர்கள் தாமாக வந்து உட்காருவார்கள், போகும்போது வர்றேன் என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார்கள், மெட்ராசிலும் அப்படித்தான் இருக்கும். ஆக ஒன்றும் பேசவே வேண்டாம். பேசாமல் இருந்தாலே போதும், பொய் தன்னாலே நடந்துவிடும். இத்தனை நாளும் அப்படித்தான் நடந்தது. ஒரு பொய்யும் சொல்லாமலே இவ்வளவு தூரம் வந்துவிட்டாள். தெருமுனையில் ஆட்டோ திரும்புகிற சத்தம். வேற யாருக்காவது இருக்கும். சாமி, வேற வீட்டுக்கு வந்ததாக இருக்கட்டும். ஆட்டோ நின்றது.

உயரமாக இருப்பாள் என்று நினைத்திருந்தாள். குட்டையாக இருந்தாள் வத்சலா அக்கா, காப்பிப்பொடி நிறப் பருத்திச் சேலை, தோளில் துணிப்பை, வெயிலில் முகமெல்லாம் வேர்வை. நிலைக்கு மேலே காய்ந்து கிடந்த வேப்பிலையை ஒருதரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. பேர் கேட்கவில்லை. உதட்டை இறுக்கி, செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி ஓரமாக வைத்தாள். கண் அதற்குள் கலங்கியிருந்தது, ரயிலிலேயே கலங்கியதாக இருக்க வேண்டும். கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்க்காமல், கூப்பிடக் கூடாது என்று தெரிந்தவளாக, ஒரு காலை வாசற்படியில் வைத்தாள். இன்னும் ஒரு மூச்சு. ஒரு மூச்சு பேசாமல் இருந்தால் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கை எப்படி இருக்கும் என்று மாரீஸ்வரிக்குத் தெரிய வேண்டும் போல் இருந்தது.

"வாங்க" என்றாள்.

கல்யாண வீட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி சத்தமாக வந்துவிட்டது. "வாங்கக்கா. உள்ள வாங்க."

படியில் வைத்த கால் அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தில் தூளி குலுங்கியது. துணிக்கு வெளியே ஒரு கால் நீண்டு உதைத்தது, இடது கால், கொலுசோடு. அப்புறம் அழுகை.

வத்சலா அக்கா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாயின்னா எங்கூர்ல அம்மைக்கா" என்றாள் மாரீஸ்வரி. "அம்மைதான் போச்சு. பிள்ள போகல. நீங்க எல்லாரும் தப்பா எடுத்துக்கிட்டீக. மறுநாளே எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல."

வெளியே ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளை மூச்சுப் பிடித்து அழுதது. மாரீஸ்வரி நகரவில்லை. தூக்க உரிமை போய்விட்ட மாதிரி நின்றாள்.

"தூக்கு" என்றாள் வத்சலா அக்கா. குரல் கரகரப்பாக இருந்தது. "அழறா பாரு. தூக்கு முதல்ல."

தூக்கினாள். அழுகைச் சத்தத்துக்கே பால் சுரந்து ரவிக்கை நனைந்திருந்தது. வத்சலா அக்கா உள்ளே வந்தாள், உட்காரவில்லை. பிள்ளையின் மூக்கு நுனியில் இருந்த தழும்பைத் தொட விரலை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டாள். பிள்ளை அந்த விரலைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"நந்து பேர்... அது அங்கேயேதான இருக்கு? அழிச்சிடலையே?"

"இல்லக்கா."

"அழிக்காதே."

"அழிக்கமாட்டேன்க்கா."

"எனக்குக் கோவம் வரணும்" என்றாள் வத்சலா அக்கா, கணக்குப் பார்க்கிறவள் போல மெதுவாக. "வரலை இன்னும். ரயில்ல வரும். இல்லை வீட்டுக்குப் போனப்புறம் வரும். கண்டிப்பா வரும் மாரி."

"வரட்டும்க்கா" என்றாள். "அப்பவும் வாங்க."

வத்சலா அக்கா வாசலுக்குத் திரும்பினாள். செருப்பைப் போட்டாள். சில்லறைக்காக இன்னும் நின்றுகொண்டிருந்த அதே ஆட்டோவில் ஏறினாள். வர்றேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

மாரீஸ்வரி கதவைச் சாத்தவில்லை. பிள்ளையை மடியில் போட்டுப் பாலுக்கு விட்டாள், மூலைக்கு நகர்ந்து சேலையை உருவினாள், கம்ப்யூட்டர் முனகிக்கொண்டே விழித்தது. இரங்கல், இரங்கல், இரங்கல், நடுவில் நந்து. எல்லாம் அப்படியே இருந்தது. புதிதாக ஒரு பதிவு திறந்தாள். ஒரு கை பிள்ளையின் தலைக்கடியில். இன்னொரு கையின் ஒற்றை விரலால் தட்டினாள். 'தாயி இருக்கா.' அதற்குக் கீழே என்ன எழுதுவார்கள், என்னவெல்லாம் திட்டுவார்கள், யார் முதலில் வருவார், எல்லாம் ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போயிற்று. மிச்சத்தையும் எழுதினாள், மறுநாளே எனக்குத் தெரியும் என்பதையும் எழுதினாள். திரும்பப் படித்து அழகுபடுத்தவில்லை. அனுப்பினாள்.

பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. மடி கனத்துக் கிடந்தது.